கராகீரில் முதலில் பச்சையாகும் இடம்

குளிர்காலப் பட்டி, நரின் மாவட்டம்
1974 ஏப்ரல் 12

என் கண்ணான தம்பி முகாஷுக்கு,

மந்தையும் உயிரும் நலமா? உனக்கு மந்தை கிடையாது என்று தெரியும். ஆனாலும் அதைக் கேட்காமல் கடிதம் தொடங்க எனக்கு நாக்கு வராது. உன் ஆராய்ச்சிக்கூடத்துக் கண்ணாடிக் குடுவைகளை மந்தை என்று வைத்துக்கொள்கிறேன். அவை நலமா? நெஞ்சுச் சளி விட்டதா? இங்கே நாங்கள் நலம். ஆடுகள் குட்டி போட்டு முடித்தன. அநேகமாக எல்லாம் பிழைத்துக்கொண்டன.

வழக்கம்போல நான் சொல்ல உன் மச்சான் அசனாலி எழுதுகிறார். (இவ சொல்றத எல்லாம் எழுதினா கடைத் தாள் பூரா தீர்ந்துடும், மாப்ளே. பாதிய முழுங்கிட்டுத்தான் எழுதறேன். - அசனாலி) பார்த்தாயா, என் கடிதத்துக்குள் மூக்கை நுழைக்கிறார். எழுத்துத் தெரியாத பெண்டாட்டி என்றால் இளக்காரம்.

சமாசாரத்துக்கு வருகிறேன். பண்ணைத் தலைவர் வந்திருந்தார். மே மாதம் விமானத்தில் உரம் தூவப்போகிறார்களாம், அதுவும் நம் கராகீர்ச் சரிவில். அந்த இடத்தைக் குறித்துக் கொடுத்தவன் நீயாம்! எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. குளிர்காலத்தில் மூக்கொழுகிக்கொண்டு என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு திரிந்த பயல், இன்று வானத்திலிருந்து மலைக்குச் சோறு போடுகிறான்.

(கராகீர் வேணாம்னு நான் தலைவர்கிட்டச் சொன்னேன். அங்க கரும்பச்சைத் திட்டுங்க இருக்கு. கீழ இருக்கறவங்கள எழுப்ப வேணாம்.)

இவருக்கு எப்போதும் இதே பல்லவிதான். வெளிறிய புல்லுக்கு நடுவே அங்கங்கே கரும்பச்சையாகத் தெரியுமே, அந்தத் திட்டுகளுக்கு அடியில் அந்தக் காலத்து நோயில் செத்த மந்தை கிடக்கிறது என்பார்கள். நாமும் அதன்மேல் மேய்க்கமாட்டோம், குதிரை கட்டமாட்டோம், நாய் போனால்கூடச் சீட்டியடித்துத் திருப்பிவிடுவோம். அதில் உருண்டு விளையாடியதற்கு அப்பா உன்னைச் சாட்டையால் விளாசியது நினைவிருக்கிறதா? நான் தலைவரிடம், "என் தம்பி சொன்னாச் சரியாத்தான் இருக்கும். தூவச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டேன்.

ராணுவத்துக்குப் போகும்போது நீ கடித்துவிட்டுப் போன ரொட்டி, மிச்சத்தை நீ திரும்பி வந்து தின்பதற்காக, இன்னும் துணியில் சுற்றித் தொங்குகிறது. நடுவில் எத்தனையோ முறை வந்தாய், நான் இறக்கவில்லை. வந்துவிட்டுப் போகிறவனுக்கு அது கிடையாது, திரும்பி வருகிறவனுக்குத்தான்.

உன் நெற்றியில் முத்தமிடும் அக்கா.
சொன்னவள் உம்சுனாய், எழுதியவன் அசனாலி.


பிரூன்சே நகரம்
1974 ஏப்ரல் 27

அன்புள்ள அக்காவுக்கும் மச்சானுக்கும்,

மந்தையும் உயிரும் நலமா? மச்சானின் முதுகுவலி எப்படி? நான் நலம். குடுவைகளும் நலம், ஒன்றுதான் உடைந்தது.

மச்சான், நீங்கள் என்னைவிடப் பெரியவர் என்பதால் மரியாதையாகவே சொல்கிறேன். கீழே இருப்பவர்கள் யாரும் இல்லை. இருப்பது வெறும் தழைச்சத்து. செத்த ஆடு மட்கி மண்ணுக்குள் போனது, அதைப் புல் தின்று கொழுத்தது. அவ்வளவுதான் அந்தக் கரும்பச்சை. செத்த மந்தை அந்தத் திட்டுகளில் செய்ததை நாங்கள் விமானத்தால் மலை முழுவதும் செய்யப்போகிறோம். நான் கராகீரைக் கேட்டு வாங்கியதற்குக் காரணமே அந்தத் திட்டுகள்தான். மலை என்ன கொடுக்கும் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

இது தேறினால் என் ஆராய்ச்சி முடிந்த மாதிரி, அக்கா. அப்புறம் நரினுக்கே மாற்றல் கேட்கலாம். ரொட்டியை எலி கடிக்காமல் பார்த்துக்கொள். புல் முழங்கால் உயரம் வந்ததும், தூவிய இடத்தில் ஒரு கட்டு, தூவாத இடத்தில் ஒரு கட்டு அறுத்துக் காயவைத்து, எடை போட்டு அனுப்பு.

உன் முகாஷ்.


கராகீர், கோடைக் கூடாரம்
1974 ஜூன் 9

கண்ணான தம்பிக்கு,

மந்தையும் உயிரும் நலமா? நாங்கள் மேலே ஏறி வந்து கூடாரம் போட்டுவிட்டோம். கால்நடைகள் நலம், எங்கள் உடம்பும் நலம். பேருந்து ஓட்டுநரிடம் புல் கட்டுகளும் ஒரு பை தயிர் உருண்டையும் கொடுத்திருக்கிறேன். அவன் தின்றது போக மிச்சம் உனக்கு.

உன் விமானம் வந்தது. மிகத் தாழப் பறந்ததில் குதிரைகள் கட்டை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டன. வெள்ளை வெள்ளையாக, ஆலங்கட்டி மாதிரி கொட்டியது. அடுத்து நல்ல மழை. அதற்குப் பிறகு புல் வந்த வேகத்தை நான் என் ஆயுளில் பார்த்ததில்லை. காலையில் நடந்துபோன தடம் மாலையில் காணோம்.

ஒரு விஷயம். திட்டுகளைக் காணவில்லை. முன்பு எங்கிருந்து பார்த்தாலும் தெரியும், குழந்தைக்குக்கூடத் தெரியும். இப்போது சரிவு முழுவதும் அதே கரும்பச்சை. எது எங்கே இருந்தது என்று நானும் இவரும் வாதாடிக்கொண்டோம். இவர் பாறையைக் காட்டுகிறார், நான் ஊற்றைக் காட்டுகிறேன்.

(மலையே ஒத்தத் திட்டாயிடுச்சு, மாப்ளே. கீழ இருக்கறவங்களுக்கு இதுவரைக்கும் அவங்கவங்க எல்ல தெரியும். இப்ப ஊர் முழுக்கச் சோத்தக் கொட்டி வெச்சுட்டீங்க. எதுவரைக்கும் வரலாம்னு அவங்களுக்கே தெரியாது.)

மற்றபடி ஒன்றும் இல்லை. பூ குறைந்துவிட்டது. மூவிலைச் செடி புல்லுக்குள் மூழ்கிச் செத்தே போனது. அதனால் வண்டுச் சத்தமும் இல்லை. சரிவுக்குள் போனால் காது அடைத்தது போல் இருக்கிறது. பெட்டைக் குதிரைகள் ஓரத்தில் நின்று மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகின்றன. காற்றில்லாதபோதும் புல் அசைகிறது என்கிறார் உன் மச்சான். (அவளுந்தான் பாத்தா. ஒத்துக்கமாட்டா.) நான் பார்க்கவில்லை. எழுதுங்கள், நான் பார்க்கவில்லை என்று.

ஆடுகளை உள்ளே விடலாமா? நீ ஒரு வார்த்தை சொன்னால் இவர் வாய் அடையும்.

நெற்றியில் முத்தம்.
சொன்னவள் உம்சுனாய், எழுதியவன் அசனாலி.


பிரூன்சே
1974 ஜூன் 22

அன்புள்ள அக்கா,

மந்தையும் உயிரும் நலமா? நான் மிக மிக நலம்!

கட்டுகள் வந்தன. தூவிய புல் தூவாததைவிட இரண்டு மடங்குக்கும் மேல். புரதமும் கூடியிருக்கிறது. எங்கள் தலைமை ஆள் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். மூவிலைச் செடி போனது எதிர்பார்த்ததுதான். தழைச்சத்து கொடுத்தால் புல் பயறுச் செடியை அமுக்கிவிடும். அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். குதிரை வாசனை மாறினால் முரண்டு பிடிக்கும் பிராணி.

ஆடுகளை விடு. தாராளமாக விடு. தூவாத பக்கம் மேயும் ஆடுகளோடு எடை ஒப்பிட்டு எழுது. மச்சானுக்கு ஒரு புட்டி வாங்கி வருகிறேன், பயம் தெளிய.

முகாஷ்.


கராகீர்
1974 ஜூலை 11

கண்ணான தம்பிக்கு,

மந்தையும் உயிரும் நலமா? உன் கடிதம் கண்டு மறுநாளே ஆடுகளை விட்டேன். நீ கேட்ட எடைகள் கீழே இருக்கின்றன, உன் மச்சான் அழகாகக் கோடு போட்டு எழுதியிருக்கிறார். கராகீரில் மேய்ந்த குட்டிகள் பானை மாதிரி ஆகிவிட்டன. பக்கத்து மேய்ச்சல்காரர்கள் வந்து கண் வைத்துவிட்டுப் போகிறார்கள். உன்னால்தான் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். மழை நின்று வெயில் வந்ததும் புல் கொஞ்சம் அடங்கிவிட்டது. ஆடுகளுக்கு ருசி கண்டுபோய், நுனியைத் தீர்த்துவிட்டு மண்ணோடு ஒட்டிக் கொறிக்கின்றன. மேலே ஓட்டினாலும் அங்கேயே திரும்பி வருகின்றன.

தாள் தீர்ந்தது. பின்பக்கம் எழுதச் சொல்கிறேன்.

போன வாரம் ஒரு பெட்டையாடு நின்ற இடத்திலேயே மடங்கி விழுந்தது. நோய் என்று முதல் நாள் ஒரு அறிகுறியும் இல்லை. உயிர் போனால் கறி ஆகாது என்று ஓடிப்போய்க் கத்தி வைத்தேன். ரத்தம் மை மாதிரி வந்தது, தம்பி. கறுப்பு. உறையவே இல்லை. (தொடாதன்னு கத்தினேன். தோல் வீணாப்போவுதுன்னு உரிச்சா. கறியையும் தோலையும் நான்தான் குழி வெட்டிப் போட்டேன்.) உரிக்கும்போது மணிக்கட்டில் கத்தி லேசாகக் கீறிவிட்டது. அங்கே ஒரு கொப்புளம் வந்து, இப்போது நடுவில் கரித்துண்டு போலக் கறுத்திருக்கிறது. சுற்றிலும் வீக்கம். ஆச்சரியம் என்னவென்றால் கொஞ்சம்கூட வலி இல்லை. ஊசியால் குத்திப் பார்த்தேன், யாருடைய கையோ மாதிரி இருக்கிறது. நீ படித்தவன், இது என்னவென்று எழுது. ஆஸ்பத்திரிக்கு வா வா என்று உன் மச்சான் உயிரை எடுக்கிறார். விரிப்புக்குக் கம்பளி அடிக்கிற வேலை முடியட்டும் என்றிருக்கிறேன். (சீக்கிரம் பதில் போடு, மாப்ளே. நீ சொன்னாத்தான் இவ கேப்பா.)

நெற்றியில் முத்தம்.
சொன்னவள் உம்சுனாய், எழுதியவன் அசனாலி.


பிரூன்சே
1974 ஆகஸ்ட் 4

அன்புள்ள அக்காவுக்கு,

மந்தையும் உயிரும் நலமா? தாமதத்துக்கு மன்னித்துவிடு. கூட்டம், அறிக்கை, மறுபடி கூட்டம் என்று மூச்சுவிட நேரமில்லை. உன் எடைக் கணக்கை அப்படியே அறிக்கையில் சேர்த்துவிட்டேன். மச்சானின் கோடுகளைப் பார்த்து எங்கள் தட்டச்சுப் பெண், "இவர் இங்கே வேலைக்கு வருவாரா?" என்று கேட்டாள்.

வெற்றி அக்கா, முழு வெற்றி. கம்பளி அடித்தாகிவிட்டதா? எனக்கு ஒரு விரிப்பு எடுத்து வை. இங்கே தரை சில்லென்று இருக்கிறது.

முகாஷ்.


கராகீர்
1974 ஆகஸ்ட் 23

தம்பிக்கு,

உயிர் நலமா? இங்கே எல்லாம் அமைதியாக இருக்கிறது.

உன் கடிதம் வந்தது. வெற்றி என்று எழுதியிருந்தாய். சந்தோஷம். விரிப்பு பாதியில் நிற்கிறது, எடுத்து வைத்திருக்கிறது. வெள்ளை உடுப்புப் போட்டவர்கள் வந்து சரிவைச் சுற்றிக் கம்பி கட்டினார்கள். ஆடுகளைக் கீழே ஓட்டிப்போய்விட்டார்கள். மேய ஆளில்லாமல் புல் வளர்கிறது. வளரும் சத்தம் கேட்கிறது. முன்பு கேட்டதில்லை, இப்போது கேட்கிறது. வேர் இறங்கும் சத்தம் வேறு, தண்டு ஏறும் சத்தம் வேறு.

கையில் வலி இல்லை. வேலை ஒன்றும் செய்வதில்லை.

நீ வா, தம்பி. அறிக்கை இருக்கட்டும், வா. தனியாக வராதே, ஊர்க்காரன் யாரையாவது கூட்டிக்கொண்டு வா.

நெற்றியில் முத்தம்.
சொன்னவள் உம்சுனாய்.


பிரூன்சே
1974 செப்டம்பர் 8

அன்புள்ள அக்கா,

மந்தையும் உயிரும் நலமா? நீ ஏன் இந்த முறை மந்தையைக் கேட்கவில்லை?

உன் கடிதத்தைப் படித்துவிட்டு வைத்துவிட்டேன். மறுநாள் எடுத்து மறுபடி படித்தேன். என்னவோ குறைந்தது. பிறகுதான் புரிந்தது, மச்சானின் அடைப்புக்குறி ஒன்றுகூட இல்லை. கையெழுத்து அவருடையதுதான், ஆனால் அவர் வாயையே திறக்கவில்லை. எழுதியவன் என்று பெயரும் போடவில்லை. நீங்கள் இருவரும் சண்டை போடாமல் எனக்கு ஒரு கடிதம் வந்ததில்லையே. என்ன நடந்தது அங்கே?

கம்பி கட்டினார்கள் என்றதும் உன் ஜூலைக் கடிதத்தைத் தேடி எடுத்தேன். அக்கா, அதற்குப் பின்பக்கம் இருப்பதை நான் இன்றைக்குத்தான் பார்த்தேன். எடையை மட்டும் படித்துவிட்டுக் கோப்பில் வைத்திருக்கிறேன். மாபாவி நான். அந்தக் கறுப்பு, வலி இல்லாத கறுப்பு, அது அடைப்பான் நோய். ஆட்டிலிருந்து தொற்றுவது. கிடக்காதே, வேலை என்று சொல்லாதே. ஆஸ்பத்திரியில் பென்சிலின் ஊசி போட்டால் தீர்ந்துவிடும். நேரத்தில் போட வேண்டும், அவ்வளவுதான்.

நீ நன்றாக இருக்கிறாயா? ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. என் ரொட்டியைக் கடித்தது யார்? நம் இருவருக்கு மட்டும் தெரிந்தது. அதற்குப் பதில் எழுது. பதில் வராவிட்டாலோ தப்பாக வந்தாலோ அந்த நிமிடமே கிளம்பிவிடுவேன்.

முகாஷ்.


கராகீர்
1974 செப்டம்பர் 30

தம்பிக்கு,

உயிர் நலமா?

நான்தான் கடித்தேன். நீ அன்றைக்குக் கூடாரத்தின் மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாய். வாயை இறுக்க மூடிக்கொண்டாய். வெளியே குதிரையைப் பிடித்துக்கொண்டு ஊரே நின்றது. ராணுவத்துக்குப் போகிறவன் அழுதான் என்று பேர் வரக்கூடாதே என்று நான் கடித்துவிட்டு, "கடிச்சுட்டான், கடிச்சுட்டான்" என்று கத்தினேன். என் முன்பல் சந்து அதில் இருக்கும். உன் பல்லில் சந்து கிடையாது. யாரும் கவனிக்கவில்லை.

அப்படியென்றால் அந்த ரொட்டி யாருக்காகத் தொங்குகிறது, தம்பி? நான் படுத்துக்கொண்டு அதைத்தான் யோசிக்கிறேன்.

இங்கே குளிர் தெரியவில்லை. பக்கத்தில் இருப்பவர்கள் நல்லவர்கள், சத்தம் போடுவதில்லை. வருகிற வசந்தத்தில் விமானம் வேண்டாம் என்று சொல். பனி விழுவதற்குள் வா.

நெற்றியில் முத்தம்.
சொன்னவள் உம்சுனாய்.


பிரூன்சே
1974 அக்டோபர் 16

என் அக்காவே,

மந்தையும் உயிரும் நலமா? நீ எழுதியதைப் படித்துவிட்டுச் சிரித்தேன், பிறகு அழுதேன். இப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. உன்னைத் தவிர யாராலும் அதை எழுத முடியாது. பிழைத்துக்கொண்டாய்! படுத்துக்கொண்டு யோசிக்கிறேன் என்றும், பக்கத்தில் இருப்பவர்கள் என்றும் எழுதியிருக்கிறாயே, ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து சொல்லி எழுதவைத்தாயா? மச்சான் அங்கே வந்து போகிறாரா? அடைப்புக்குறி போடாததற்குக் காரணம் நர்சம்மாவின் அதட்டலாக இருக்கும்.

நவம்பர் கடைசியில் அறிக்கை வாசிக்கிறேன். அது முடிந்த மறுநாளே கிளம்புகிறேன், சத்தியம். விமானம் வேண்டாம் என்கிறாய், பயந்துபோயிருக்கிறாய், எனக்குப் புரிகிறது. அதிகாரிகளிடம் பேசுகிறேன். ஆனால் கராகீர் முழுவதும், அதை ஒட்டிய சரிவுகளும் வசந்தத் திட்டத்தில் ஏற்கெனவே சேர்ந்துவிட்டன.

விரிப்பை முடி. நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன்.

உன் முகாஷ்.


பிரூன்சே
1974 டிசம்பர் 20

மதிப்புக்குரிய மச்சானுக்கு,

மந்தையும் உயிரும் நலமா என்று கேட்கக் கை கூசுகிறது. இருந்தாலும் கேட்கிறேன். முதுகுவலி எப்படி?

வந்து சேர்ந்துவிட்டேன். இந்த அறையில் உட்கார முடியவில்லை, அதனால் எழுதுகிறேன். உங்கள் அண்ணன் மகன் என் கதவைத் தட்டி, "சித்தப்பா கூட்டிட்டு வரச் சொன்னாரு" என்றபோதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். வழி முழுக்க ஆட்டு விலையைப் பற்றியும் சாலையைப் பற்றியுமே பேசினான். பட்டியின் புகை தெரிந்ததும் குதிரையை நிறுத்தி, "சித்தி பேரச் சொல்லி அழுதுகிட்டே வா, மாமா" என்றான். அப்போதுதான் தெரிந்தது. பெரியவர்கள் வந்து கடிவாளத்தைப் பிடித்தார்கள். ஒருவர் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார், ஒருவர் சொன்னார்.

சாவுச் செய்தியைத் தனியறையில் இருப்பவனுக்குத் தாளில் அனுப்பக்கூடாது, சொந்தபந்தம் சூழ நின்று பிடித்துக்கொண்டுதான் சொல்ல வேண்டும். நம் வழக்கம் அது. உங்கள்மேல் எனக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை. ஜூலை பத்தொன்பதாம் தேதி போய்விட்டாள். ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் என்னைக் கூப்பிட்டது நீங்கள்தான் என்று எடுத்துக்கொண்டேன். நான்தான் வரவில்லை.

வெளியே சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் புல் திட்டுகளைப் பேய் என்றீர்கள், நான் தழைச்சத்து என்றேன். இரண்டு பேரும் ஒரே இடத்தைத்தான் காட்டினோம். அந்தக் குழிகளில் நோயின் வித்து இத்தனை காலம் சாகாமல் கிடந்திருக்கிறது. புல்தான் மக்களுக்கு, இங்கே வராதே என்று சொல்லிக்கொண்டிருந்தது. நான் மலை முழுவதையும் ஒரே நிறமாக்கி அந்த வாயை அடைத்தேன்.

உள்ளே விடமாட்டோம் என்று கம்பிக்கு வெளியிலேயே நிறுத்தினார்கள். நீங்கள் அங்கே நின்று சொன்னது காதிலேயே இருக்கிறது. "கீழ கொண்டுபோக விடல. சுண்ணாம்பப் போட்டு இங்கயே மூடிட்டாங்க. மேடு கூடாது, கல்லு கூடாது, பேரும் கூடாதுன்னுட்டாங்க. மலை பூரா பச்சையாயிட்டா என் பெண்டாட்டிய நான் எங்கன்னு தேடறது, மாப்ளே?"

நவம்பரிலிருந்து தள்ளிப்போன அறிக்கையைத் திரும்பி வந்ததும் வாசித்தேன். விளைச்சல் இரண்டு மடங்கு, புரதம் கூடுதல், எல்லாம் உண்மை, எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில் கராகீரில் இனி ஒரு பிடி உரமும் விழக்கூடாது, அங்கே குழிகளின் அடையாளம் அழிந்து ஆள் செத்திருக்கிறது என்றேன். அந்த வரியை எடுத்துவிடச் சொன்னார்கள். எடுக்கவில்லை. என் பட்டத்தை நிறுத்திவைத்திருக்கிறார்கள். அது போகட்டும். ஆனால் விமானம் கிளம்புவதும் கிளம்பாததும் என் கையில் இல்லை, மச்சான். வசந்தத்தில் அது வருமா என்று எனக்குத் தெரியாது.

ஒன்றே ஒன்று. அந்த ரொட்டி விஷயத்தை அவள் உங்களிடம் எப்போது சொன்னாள்?

முகாஷ்.


கராகீர்
1975 மே 18

மாப்பிள்ளை முகாஷுக்கு,

இவ்வளவு நாள் பதில் போடாமல் இருந்தது கோபத்தில் அல்ல. எழுத ஒன்றும் இல்லாமல் இருந்தது. இப்போது இருக்கிறது.

முதலில் ரொட்டி. அவள் என்னிடம் சொல்லவே இல்லை. ஆகஸ்டில் உன் கடிதம் வந்தது. அன்று சாயங்காலம் விளக்கை ஏற்றித் தாளை எடுத்துக்கொண்டு, பழக்கத்தில், "என்னடி எழுத?" என்று கேட்டுவிட்டேன். கேட்டபிறகுதான் நினைவு வந்தது. ஆனால் கை எழுத ஆரம்பித்துவிட்டது. உன்னை வரவழைக்கத்தான் எழுதுகிறேன் என்று மனசுக்குச் சொல்லிக்கொண்டேன். குறுக்கே பேச எனக்கு வார்த்தை வரவில்லை, அதனால்தான் அடைப்புக்குறி இல்லை. எழுதியவன் என்று பேர் போடவும் தைரியம் இல்லை. எழுதியது நான்தானா என்று எனக்கே தெரியாது. ரொட்டியைக் கடித்தது யார் என்பது என் கை எழுதியபோதுதான் எனக்கும் தெரிந்தது. துணியை அவிழ்த்துப் பார்த்தேன். நடுவில் சந்து இருக்கிறது.

மறுபடி சுற்றித் தொங்கவிட்டுவிட்டேன். அது உனக்காக இல்லை என்று இப்போது தெரிந்துவிட்டதே.

விமானம் வந்தது. போன வாரம். சத்தம் கேட்டதும் கம்பிக்கு வெளியே நின்று தொப்பியைக் கழற்றி ஆட்டினேன், பைத்தியக்காரன் மாதிரி கத்தினேன். கராகீருக்கு மேலே தாழ்ந்து வந்தது. வயிறு திறக்கவில்லை. தாண்டிப்போய் அடுத்த பள்ளத்தாக்கில் கொட்டியது. நீ பட்டத்தை விட்டுக்கொடுத்தது வீண்போகவில்லை, மாப்பிள்ளை. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

போன வருட உரம் ஒரு வருடத்தோடு சரி போலிருக்கிறது. சரிவு பழையபடி வெளிறிக்கொண்டு வருகிறது. பழைய திட்டுகள் ஒவ்வொன்றாக வெளியே தெரிகின்றன. பாறை பக்கம் என்று நான் சொன்னதும் தப்பு, ஊற்று பக்கம் என்று அவள் சொன்னதும் தப்பு. இரண்டுக்கும் நடுவில் இருந்திருக்கிறது.

அவை தெரிவதற்கு முன்பே, பனி உருகியதும் முதன்முதலில் ஓர் இடம் பச்சையானது. பழைய திட்டு எதுவும் அங்கே இருந்ததில்லை. சுண்ணாம்பு கொட்டியிருக்கிறது, புல் வராது என்று சொல்லியிருந்தார்கள். வந்திருக்கிறது. உன் அக்கா நீளத்துக்கு, ஒரு பக்கமாக ஒருக்களித்துப் படுப்பாளே, அந்த வளைவோடு. கம்பிக்கு இப்பால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். சுற்றிலும் காற்று அடிக்கிறது, எல்லாப் புல்லும் ஒருபக்கம் சாய்கிறது. அது மட்டும் அசையவில்லை. நான் பேசினால் அசைகிறது.

குதிரை கிட்டே வரமாட்டேன் என்கிறது. நாயைச் சீட்டியடித்துத் திருப்பிவிட்டேன். யாரும் அதன்மேல் மேய்க்கக்கூடாது என்று பக்கத்து மேய்ச்சல்காரர்களுக்கும் காட்டிக் கொடுத்துவிட்டேன். பிள்ளைகளுக்கும் காட்டினேன். இனி அவர்கள் அவரவர் பிள்ளைகளுக்குச் சொல்வார்கள்.

விரிப்பை நானே முடித்தேன். கோணலாகத்தான் வந்திருக்கிறது. வந்து வாங்கிக்கொண்டு போ. அவளையும் பார். வேறு விசேஷம் இல்லை.

எழுதியவன் அசனாலி.

(ஏங்க, மந்தையும் உயிரும் நலமான்னு கேக்காமலே முடிக்கிறீங்களே. கேளுங்க அவன.)

கேட்கிறேன். மந்தையும் உயிரும் நலமா, மாப்பிள்ளை?